புளித்த மண்ணும் பசித்த மாடும்

தோழா!

சவ்வாது மலையின் அடிவாரத்திலே செங்கம் என்றோர் ஊர். அவ்வூரைச் சுற்றி, வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் புதர் மண்டிய மேட்டிலும் கற்கள் நிற்கின்றன. கோயிற் கற்களல்ல, கோட்டைக் கற்களல்ல, நடுகற்கள்! 1970களின் தொடக்கத்தில் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறையினர் அவற்றைப் படியெடுத்து, படித்து, நூலாக்கித் தந்தனர். பல்லவர் காலத்துக் கற்கள் அவற்றுள் பல. அந்தக் கற்களிலே நிற்பவர் யார்? மன்னரா? மன்னரின் மைத்துனரா? இல்லை, தோழா! மாடு மீட்கப் போய் மாண்டவர்கள் நிற்கிறார்கள். பகைவன் கவர்ந்து சென்ற தொறுவை — மாட்டு மந்தைக்கு அக்கல்வெட்டுகள் தரும் பெயர் அது — மீட்கப் போரிட்டு மண்ணிலே சாய்ந்தவர்கள் நிற்கிறார்கள். எடுத்தனூரில் ஒரு கல். வீரனுக்குப் பக்கத்திலே அவன் வளர்த்த நாயும் நிற்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன் என்பதும் கல்லிலே பொறிக்கப்பட்டிருக்கிறது. துணை நின்ற நாயையும் மறவாமல் கல்லிலே வடித்த மக்கள் வாழ்ந்த நாடு இது!

மாடு என்ற சொல்லுக்கே செல்வம் என்று பொருள் கொண்டது தமிழ். ஆநிரை கவர்தலை வெட்சி என்றும் மீட்டலைக் கரந்தை என்றும் பெயரிட்டு, அதற்கு இலக்கணமும் எழுதிவைத்தது. அந்த நாளிலே, மந்தையை இழந்த ஊர் மானத்தை இழந்த ஊர்.

இன்று அந்த மலையிலே மந்தையைக் கவர வேற்று நாட்டுப் படை எதுவும் வருவதில்லை. வில்லும் இல்லை, அம்பும் இல்லை, போர்ப்பறையும் இல்லை. ஆயினும் மந்தை குறைகிறது, மாடு மெலிகிறது, மாட்டுக்கு உரியவனும் மெலிகிறான். இந்தப் பகைவன் யார்? எந்தப் பக்கத்திலிருந்து வருகிறான்? இதைத்தான் இந்த ஞாயிறு உன்னோடு பேச விரும்புகிறேன்.

2015ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாளை நீ மறந்திருக்கமாட்டாய். ஆந்திர மாநிலத்துச் சேசாசலம் காட்டிலே 20 தமிழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்றது அம்மாநிலக் காவல்துறை. பெரும்பாலும் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்து ஏழைகள் அவர்கள். மலைக்குடியினரும், சவ்வாது மலையின் பிள்ளைகளும் அவர்களிலே இருந்தனர். அந்நாளில் மாட்டுக்காகச் செத்தவனுக்குக் கல் நாட்டினர். இந்நாளில் எவனோ விற்று எவனோ செழிக்கும் மரத்துக்காகச் செத்தவனுக்கு என்ன நாட்டினோம்? செய்தித்தாளில் ஒரு வாரத் தலைப்பு!

சட்டத்தின் தராசைக் கையிலெடுத்துத் தீர்ப்புக் கூற நான் வரவில்லை. ஒன்றே ஒன்றைக் கேட்கிறேன். சொந்த மலையிலே சோறு கிடைத்தவன், அடுத்த மாநிலத்துக் காட்டிலே கோடரி தூக்கப் போவானா? அவனை மலையிலிருந்து இறக்கியது எது? தரகன் காட்டிய காசு என்று சொல்லுவாய். அது பாதி விடை. மற்றொரு பாதி அவன் காலுக்குக் கீழே இருக்கிறது. ஆம் தோழா, மண்ணிலே இருக்கிறது!

மலையிலே வாழ்பவன் சோம்பேறி, ஆகவே அவன் நிலம் விளையவில்லை என்று பேசும் பெரிய மனிதர்களை நீ பார்த்திருப்பாய். சாய்வு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, சரிவிலே ஏர் பிடிப்பவனைச் சோம்பேறி என்பார்கள்! அவர்களுக்கு விடை சொல்லவேண்டுமானால் கோபம் போதாது. மண்ணைப்பற்றிய அறிவு வேண்டும். ஆகவே சற்றுப் பொறுமையாகக் கேள்.

மழையை மலைக்கு வாய்த்த வரம் என்கிறோம். ஆனால் மலைமேல் பெய்த மழை வெறுங்கையோடு கீழே இறங்குவதில்லை. மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் கரைத்து எடுத்துக்கொண்டுதான் இறங்குகிறது. சரிவிலே மேல்மண்ணையும் அரித்துக்கொண்டு போகிறது. செய்யாறு பிறப்பது சவ்வாது மலையில்தான். சங்கப் பாட்டான மலைபடுகடாம் சேயாறு என்று பேர் சொல்லி அழைக்கும் அதே ஆறு! கீழ்நாட்டு வயல் கொழிக்கிறதென்றால், அந்தக் கொழிப்பிலே மலை தந்த வண்டலும் உண்டு. ஆண்டாண்டு காலமாக மலை கொடுத்தது, கீழ்நாடு வாங்கிற்று. கொடுத்தவனுக்கு ஏழை என்று பட்டம். வாங்கியவனுக்கு மிராசுதார் என்று பட்டம்!

சுண்ணாம்புச் சத்தை இழந்த மண் புளிக்கிறது. களர் நிலம் நமக்குத் தெரியும். உவர் நிலமும் தெரியும். வெள்ளை பூத்துக் கண்ணுக்கே காட்டிவிடும். அமில நிலம் அப்படியல்ல. கண்ணுக்குச் செம்மண், கைக்குச் செம்மண், செடியின் வேருக்கு மட்டும் நஞ்சு. மண்ணியலார் இதைக் கார அமில நிலை என்ற அளவுகோலால் அளக்கிறார்கள். 7 என்றால் நடுநிலை, அதற்குமேல் காரம், அதற்குக் கீழே அமிலம். 7க்கும் 6க்கும் ஓர் எண்தானே இடைவெளி என்று எண்ணிவிடாதே; ஓர் எண் இறங்கினால் அமிலம் பத்து மடங்கு ஏறிற்று என்று பொருள். 5.5க்கும் கீழே இறங்கிவிட்டால், களிமண்ணுக்குள் கல்லாய் உறங்கிக் கிடந்த அலுமினியம் கரைந்து எழுந்து, வேரின் நுனியைத் தீய்த்துவிடுகிறது. நுனி தீய்ந்த வேர் ஆழத்துக்கு இறங்குமா? இறங்காது. மழை நின்ற பத்தாம் நாள் பயிர் வாடும். “மழை போதவில்லை” என்போம். மழை இருந்தது, மண்ணின் அடியிலே ஈரமும் இருந்தது, அதை எட்டிப்பிடிக்க வேர் இல்லை!

இன்னொரு கொடுமையும் உண்டு. பயிருக்கு மணிச்சத்து வேண்டும். புளித்த செம்மண்ணிலே மணிச்சத்து இல்லாமலில்லை, இருக்கிறது. ஆனால் இரும்பும் அலுமினியமும் அதைப் பிடித்துவைத்துக்கொண்டு விடமாட்டேன் என்கின்றன. பஞ்ச காலத்துப் பதுக்கல்காரனை நினைத்துக்கொள், தோழா. ஊரிலே நெல் இல்லையா? இருக்கிறது, அவன் கிடங்கிலே மூட்டை மூட்டையாக அடுக்கி, பூட்டுப் போட்டு, சாவியை இடுப்பிலே செருகியிருக்கிறான். வெளியே ஊர் பட்டினி. மண்ணுக்குள்ளேயும் நடப்பது அந்தப் பதுக்கல்தான்!

சவ்வாது மலை முழுவதும் ஒரே அளவாகப் புளித்துக் கிடக்கிறதென்று நான் கூறவில்லை. மழை மிகுதியாய்க் கழுவிய மேட்டுக் கொல்லை ஒரு விதம். வண்டல் தங்கிய பள்ளம் வேறு விதம். ஒருவன் நிலம் 6.5 காட்டலாம், அவன் அண்ணன் நிலம் 5.5 காட்டலாம். அதனாலேதான் ஒவ்வொரு கொல்லையின் மண்ணையும் தனித்தனியே சோதிக்கவேண்டும் என்கிறோம். 2015இல் ஒன்றிய அரசு தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்திலே இந்தக் கார அமில நிலையும் குறிக்கப்படுகிறது. அட்டை இருக்கிறது, அதைப் படித்துச் சொல்ல ஆள் மலையேறுகிறானா என்பதுதான் கேள்வி. இது ஒரு மலையின் கதையுமல்ல. இந்தியாவிலே அமில நிலம் ஏறத்தாழ 4 கோடியே 90 இலட்சம் எக்டேர் என்றும், அதிலே பாதியளவு கடுமையாகப் புளித்தது என்றும் மண்ணியலார் கணக்கிட்டிருக்கிறார்கள்.

சரி, நோய் தெரிந்தது. மருந்து?

மூட்டை மூட்டையாக உரம் வாங்கிக் கொட்டு என்பார்கள். மூட்டை மலையேறும் கூலியை யார் கொடுப்பது? கடன் வாங்கிக் கொட்டினாலும் சரிவிலே பெய்யும் அடுத்த மழை பாதியை ஆற்றுக்கு அனுப்பிவிடும். இங்கேதான் இயற்கை ஏழைக்கென்று ஓர் ஏற்பாடு செய்துவைத்திருக்கிறது. அதுதான் பயறு வகைச் செடி.

நம்மைச் சுற்றியுள்ள காற்றிலே நூற்றுக்கு 78 பங்கு தழைச்சத்து. ஒவ்வோர் ஏழையின் கொல்லைக்கு மேலேயும் அந்தச் செல்வம் மிதந்துகொண்டுதான் இருக்கிறது. நெல்லாலும் சாமையாலும் அதைத் தொடமுடியாது. பயறு வகைச் செடி தொடுகிறது! எப்படி? அதன் வேரிலே சிறு சிறு முடிச்சுகள். முடிச்சுக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்க் குடிகள். செடி அவற்றுக்குச் சர்க்கரை தருகிறது. அவை காற்றின் தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குத் தருகின்றன. முதலாளி இல்லாத கூட்டுறவு! செருமானிய அறிஞர் எல்ரீகல் இதை 1886இல் உலகுக்கு அறிவித்தார். 1888இல் ஆலந்து அறிஞர் பைசரிங்கு அந்த நுண்ணுயிரைத் தனியே பிரித்தெடுத்துக் காட்டினார். காரணம் பின்னாளில் தெரிந்தது. காரியம் நம் உழவனுக்கு முன்னாளிலேயே தெரியும். தவசம் விளைந்த கொல்லையிலே கொள்ளும் மொச்சையும் துவரையும் விதைத்து நிலத்துக்கு இளைப்பாறுதல் தந்தவன் அவன்.

கொள்ளும் மொச்சையும் மனிதனுக்கு. மாட்டுக்கு? தீவனத்துக்கென்றே வளரும் பயறு வகைகள் இருக்கின்றன. மசால் என்று நம் வேளாண் துறையினர் அழைக்கும் குடும்பம் அது. குதிரை மசால், வேலி மசால், முயல் மசால் என மூன்று பெயர் உன் காதில் விழுந்திருக்கும். மூன்றும் மசால்தானே, எதைக் கொடுத்தால் என்ன என்று எண்ணினால் அங்கேதான் தவறு. குதிரை மசால் செல்வர் வீட்டுப் பிள்ளை. நல்ல தண்ணீரும் சுண்ணாம்புச் சத்து நிறைந்த நிலமும் கேட்கும். புளித்த மண்ணிலே தலை தூக்காது. வேலி மசாலும் நடுநிலை மண்ணையே நாடும். கால்நடைக்கு நல்ல தழை தரும் சவுண்டல் மரமும் கடும் அமிலத்திலே குன்றிவிடும். முயல் மசால் மட்டுமே ஏழை வீட்டுப் பிள்ளை. தென்னமெரிக்காவின் வளங்குன்றிய புளித்த புல்வெளிகளிலே பிறந்து வளர்ந்த இனம் அது. அலுமினியத்தைத் தாங்கும், சிறிதளவு மணிச்சத்தைக்கொண்டே சமாளிக்கும், ஆண்டுக்கு 450 முதல் 840 மில்லிமீட்டர் மழை கிடைத்தாலே பிழைத்துக்கொள்ளும். நிலத்தைச் செடிக்கேற்ப மாற்றப் பணம் வேண்டும். நிலத்துக்கேற்ற செடியைத் தேர அறிவு போதும். சவ்வாது மலைக்கு நாம் கேட்பது அந்த அறிவை!

முயல் மசாலின் தழையிலே புரதம் நூற்றுக்கு 15 முதல் 18 வரை. நெல் வைக்கோலிலே மூன்றோ நான்கோ. வேறுபாட்டை மாட்டின் விலாவே சொல்லும். விதைப்பதும் கடினமல்ல. ஏக்கருக்கு நான்கு கிலோ விதை தூவினால் போதும். வரிசையில் விதைத்தால் இரண்டரைக் கிலோவே போதும். விதையின் தோல் தடித்தது. அப்படியே போட்டால் உறங்கும். 80 பாகை சூடுள்ள நீரிலே நான்கு நிமிடம் போட்டு எடுத்து, பிறகு குளிர்ந்த நீரிலே ஓரிரவு ஊறவைத்து விதைத்தால் விழித்துக்கொள்ளும். இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டுமா? அடுப்பும் சட்டியும் போதும். 75 நாளில் பூக்கும். முதல் அறுப்பு எடுக்கலாம். முதலாண்டு விளைச்சல் குறைவு. தானே விதை உதிர்த்து, தானே முளைத்து, மூன்றாம் ஆண்டிலே நன்கு பரவிய நிலத்தில் எக்டேருக்கு ஆண்டுக்கு 30 முதல் 35 டன் பசுந்தீவனம் தரும் என்கின்றனர் வேளாண் அறிஞர். வறிய சரிவிலே அவ்வளவு வராது. பாதி வந்தாலும் பஞ்ச காலத்து மாட்டுக்கு அது பாயசம் அல்லவா?

சுண்ணாம்பே வேண்டாமா என்று கேட்பாய். கடுமையாகப் புளித்த இடத்துக்குச் சிறிதளவு வேண்டும். வேர் முடிச்சிலே வேலை செய்யும் நுண்ணுயிருக்கும் அது உதவும். மணிச்சத்தும் சிறிது வேண்டும். இங்கே ஒரு வேடிக்கை பார், தோழா. பாறைப் பாசுபேட்டு என்ற மலிவான கல்மாவு இருக்கிறது. நடுநிலை மண்ணிலே போட்டால் கல்லாகவே கிடக்கும். புளித்த மண்ணிலே போட்டால், மண்ணின் புளிப்பே அதைக் கரைத்து மெல்ல மெல்லப் பயிருக்கு ஊட்டும். எந்தப் புளிப்பு பகையாக நின்றதோ அதே புளிப்பைப் பணியாளாக மாற்றிக்கொள்ளலாம்! இப்படி வளர்ந்த தழையை மாடு தின்னும். மாட்டின் சாணம் சாமைக் கொல்லைக்குப் போகும். சாமை மனிதனுக்கு வரும். சவ்வாது மலையின் சோறு சாமையன்றோ! அந்தச் சாமையின் பெருமையை 2023ஆம் ஆண்டை அனைத்துலகச் சிறுதானிய ஆண்டு என்று கொண்டாடி மேடைதோறும் பேசினோம். தானியத்தைப் போற்றினோம், தானியத்துக்கு எரு தரும் மாட்டை மறந்தோம்.

இது ஏட்டுச் சுரைக்காயா? உலகைச் சற்றே சுற்றிப் பார். கொலம்பியா நாட்டுக் கலி நகரில் இருக்கும் அனைத்துலக வெப்பமண்டல வேளாண் நடுவம், புளித்த புல்வெளிகளுக்கென்றே இந்த இனத்தின் விதைகளைத் திரட்டி ஆய்ந்தது. பிரேசில் நாட்டு அரசின் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், இருவேறு முயல் மசால் இனங்களைக் கலந்து, ‘காம்போ கிராண்டே’ என்ற பெயரில் 2000ஆம் ஆண்டளவில் உழவர்க்குத் தந்தது. ஏன் கலந்தது? அங்கேதான் பாடம் இருக்கிறது. ஆசுத்திரேலியாவின் வட பகுதியிலே ஒரே இன முயல் மசால் பரந்த நிலப்பரப்பை ஆண்டது. 1970களில் கருகல் நோய் என்ற பூசணம் வந்தது; ஒருவனைத் தொட்டது, அத்தனைபேரும் ஒருவனைப்போலவே இருந்ததால் அத்தனைபேரையும் வீழ்த்தியது. ஆகவே ஒரே விதையை மூட்டை கட்டி மலையிலே இறக்கிவிட்டுப் படம் எடுத்துக்கொள்ளும் திட்டம் நமக்கு வேண்டாம். இரண்டு மூன்று இனம் கலந்து, நம் கொழுக்கட்டைப் புல்லையும் கூட்டி விதைக்கவேண்டும். இயற்கைக் காட்டுக்குள்ளே வெளிநாட்டு விதையைத் தூவவும் கூடாது; தரிசிலும் கொல்லையிலும் வரப்பிலும் ஊர்ப் பொது நிலத்திலும் போதும்.

தமிழ்நாட்டிலேயும் சான்று உண்டு. கொங்கு நாட்டுக் காங்கேயம் பக்கம் போய்ப் பார். கொறங்காடு என்று கேட்டால் காட்டுவார்கள். கிளுவை வேலி, நடுவே வெள்வேல மரங்கள், கீழே கொழுக்கட்டைப் புல்லும் அதனோடு கலந்து வளரும் பயறு வகைகளும். மேய்ச்சலுக்கென்றே ஒதுக்கி, சுழற்சி முறையிலே மேயவிட்டு, பிள்ளைபோலப் பேணும் நிலம். காங்கேயம் காளையின் திமில் அந்த நிலத்திலே நிமிர்ந்தது. மேய்ச்சல் நிலம் பாழ்நிலமல்ல, அதுவும் பயிர்நிலமே என்று கொங்கு உழவன் கண்டான். அவனால் காண முடிந்தது ஏன்? வேலி போட அவனுக்கு உரிமை இருந்தது. அது அவன் நிலம்!

இங்கேதான், தோழா, மண்ணியல் முடிந்து அரசியல் தொடங்குகிறது.

மேடைக்குப் பழகியவன் நான். ஆகவே ஒரு சிறு காட்சியாகவே சொல்லிவிடுகிறேன். இடம்: ஒரு மலைச் சிற்றூர். பாத்திரங்கள்: திட்டத்தோடு வந்த அதிகாரி ஒருவர், ஊர்ப் பெரியவர் ஒருவர்.

“பெரியவரே! புது விதை கொண்டுவந்திருக்கிறேன். மூன்றாம் ஆண்டு பாருங்கள், இந்தச் சரிவெல்லாம் பச்சை!”

“நல்லதுங்க ஐயா. முதலாம் ஆண்டு?”

“முதலாம் ஆண்டு ஆடு மாடு உள்ளே வரக்கூடாது. செடி சிறிசு, வேர் பிடிக்கவேண்டும்.”

“சரிங்க ஐயா. எனக்கு எட்டு ஆடு. அந்த ஒரு வருசம் அதுங்க எங்கே மேயும்?”

“அது... திட்டத்திலே இல்லை, பெரியவரே.”

“அப்போ எங்க வயிறும் திட்டத்திலே இல்லைங்களா ஐயா?”

திரை விழட்டும். அந்தக் கடைசிக் கேள்விக்கு விடை தராத எந்தத் திட்டமும் மலையிலே வேரூன்றாது. முதலாம் ஆண்டு மேய்ச்சலை நிறுத்தினால், பத்து ஏக்கர் உள்ளவன் தாங்குவான். எட்டு ஆடு மட்டுமே உள்ளவன் அந்த ஆட்டை விற்பான். விற்ற பணம் தீர்ந்ததும் தரகனின் வண்டியிலே ஏறுவான். நல்ல விதைகூட, ஏழையைக் கேட்காமல் விதைத்தால், ஏழைக்கு முள்ளாகிவிடும். ஆகவே அந்த ஓராண்டுக்கு அவன் கால்நடைக்குத் தீவனம் தருவது அரசின் கடன். இலவசம் என்று இகழ்பவர் இகழட்டும். ஆலைக்கு முதலாண்டு வரிச்சலுகை தந்தால் அதற்குப் பெயர் ஊக்கம். ஆட்டுக்கு முதலாண்டு தழை தந்தால் அதற்குப் பெயர் இலவசமா?

அடுத்தது நில உரிமை. 1882இல் வெள்ளையன் கொண்டுவந்த சென்னை வனச் சட்டம், மலைக்காட்டை அரசின் சொத்தாக்கிற்று. தலைமுறை தலைமுறையாக மேய்த்தவன் ஒரே இரவில் அத்துமீறுபவன் ஆனான். விடுதலை வந்து ஆண்டுகள் பல உருண்டபின், 2006இல் வன உரிமைச் சட்டம் பிறந்தது. மலைக்குடிகளின் மேய்ச்சல் உரிமையை எழுத்திலே ஏற்றது அது. எந்த உரிமை யாருக்கு என்று முதலில் முடிவு செய்யும் இடம் கிராம சபை என்றும் சொன்னது. ஆனால் தமிழ்நாட்டிலே, 2008இல் வந்த நீதிமன்ற இடைக்காலத் தடையால் பட்டா வழங்குவது நின்றது. 2016இல் உச்சநீதிமன்றம் அத்தடையை நீக்கும்வரை மலைக்குடி காத்துக் கிடந்தான். 2022 மார்ச்சிலே, தமிழ்நாட்டுக் காடுகள் எதிலுமே கால்நடை மேயக்கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. பின்னர், தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டுமே அந்தத் தடை என்று திருத்திக்கொண்டது. இடைப்பட்ட நாள்களில் மலைதோறும் எத்தனை நெஞ்சு பதைத்திருக்கும்!

காடு காக்கப்படவேண்டும். அதிலே நமக்கு ஐயமில்லை. காடு அழிந்தால் முதலில் அழிபவன் மலையில் வாழ்பவன்தான். ஆனால் “காட்டிலே மேய்க்காதே” என்று சொல்லும் வாய், “இங்கே மேய்த்துக்கொள்” என்றும் சொல்லவேண்டாமா? ஒரு கதவை மூடுகிறவன் மறு கதவைத் திறக்கவேண்டாமா? விதைத்து வளர்த்த மேய்ச்சல் நிலந்தான் அந்த மறு கதவு. ஊரருகே தீவனம் செழித்தால் மந்தை காட்டுக்குள் நுழையும் தேவை குறையும். காடும் பிழைக்கும், மாடும் பிழைக்கும். அந்தக் கதவின் சாவியோ பட்டாவிலே இருக்கிறது. சிட்டா எங்கே என்கிறது ஓர் அலுவலகம். அடங்கல் எங்கே என்கிறது மற்றோர் அலுவலகம். பாட்டன் உழுதான், அப்பன் உழுதான், நான் உழுகிறேன் என்று சொன்னால், அதற்குத் தாள் எங்கே என்கிறது மூன்றாவது அலுவலகம். நாளைக்குத் தன்னுடையதா இல்லையா என்று தெரியாத நிலத்திலே, மூன்றாம் ஆண்டு பலன் தரும் செடியை எவன் நடுவான்?

ஆகவே, தோழா, கழனிக்கும் கட்சிக்கும் என்ன தொடர்பு என்று கேட்காதே. உனக்கு வேலை இருக்கிறது. போளூரிலோ செங்கத்திலோ திருப்பத்தூரிலோ இருந்தால், அடுத்த விடுமுறை நாளிலே ஜமுனாமரத்தூர் வரை போய் வா. அருவி பார்க்க அல்ல. ஆட்டை மேய்ப்பவனைப் பார்க்க. பேசப் போகாதே, கேட்கப் போ. எந்தக் கொல்லை முன்பு விளைந்தது, எது இன்று விளையவில்லை, எந்த மாதம் தழை தட்டுப்படுகிறது என்று அவர்களைக் கேட்டு எழுதிக்கொள். கோடை மழைக்குமுன் கொல்லைதோறும் மண் எடுத்துச் சோதனைக்கு அனுப்ப உதவு. வந்த அட்டையை அவர்கள் மொழியிலே படித்துச் சொல். கிராம சபை கூடும் நாளிலே, மேய்ச்சலுக்கென்று பொது நிலம் ஒதுக்கும் தீர்மானத்தை அவர்களே எழுத, அவர்களோடு நில்.

சென்னையிலே அமர்ந்திருப்போரிடம் நாம் கேட்கவேண்டியவையும் நீண்ட பட்டியல் அல்ல. சுண்ணாம்பும் பாறைப் பாசுபேட்டும் கீழ்நாட்டு விலைக்கே மலைமேல் கிடைக்கட்டும். ஏற்றுகூலியை அரசு ஏற்கட்டும். அரியலூரின் சுண்ணாம்புக்கல் நகரத்து மாடிகளுக்குச் சிமெண்டாய்ப் போகிறதே, ஒரு பிடி மலைமண்ணுக்கும் வரட்டும்! முயல் மசால் விதையை எங்கிருந்தோ வாங்கி வராமல், மலைப் பெண்களின் குழுக்களே விளைத்து, அரசே நல்ல விலைக்கு வாங்கி, அடுத்த சிற்றூருக்குத் தரட்டும். முதலாண்டுத் தீவனம் திட்டத்தின் முதல் வரியாகட்டும். வன உரிமைப் பட்டா அதற்கும் முன்னே வரட்டும்.

பயன் வந்ததா இல்லையா என்பதை அறிய, அறிக்கைக்குக் காத்திராதே. விதைத்த கொல்லையிலே ஒரு செடியை வேரோடு பிடுங்கு. வேரிலுள்ள முடிச்சு ஒன்றை நகத்தால் கிள்ளிப் பார். உள்ளே வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால், செடி பெயருக்கு நிற்கிறது, உழைக்கவில்லை என்று அறி. சுண்ணாம்பு சேரவில்லையா, மணிச்சத்து போதவில்லையா என்று கேள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், காற்றிலிருந்த செல்வம் ஏழையின் மண்ணுக்குள் இறங்கத் தொடங்கிவிட்டது என்று அறி. கோப்பிலே எழுதிய எந்தப் புள்ளிவிவரமும் அந்தச் சிவப்பைப்போல உண்மை பேசாது.

மலை மக்கள் நம்மிடம் கேட்பது அழுகையுமல்ல, அனுதாபத் தீர்மானமுமல்ல. புளித்த மண்ணுக்குச் சுண்ணாம்பு, பசித்த மாட்டுக்குத் தழை, உழுத நிலத்துக்கு உரிமை, இம்மூன்றே. ஆடிப்பட்டத்துக்கு நாள் நெருங்குகிறது, தோழா. மண் எடுக்கும் பையோடு மலையேறு!